ஜன்னல் திறந்திருக்கிறது

தராசுகளைச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். எடையளவு ஆய்வாளர் என்பது அரசாங்கம் கொடுத்த பெயர். என் காதில் விழாது என்ற தைரியத்தில் சந்தைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'சீலம்மா'. கடைக்குள் நுழைந்ததும் போனை எடுத்து ஒரு போட்டோ. அடுத்து பெட்டியைத் திறந்து எடைக்கல். கடைக்காரர் பேசுவதெல்லாம் கடைசியில்தான். பேச விட்டால் கதை சொல்வார்கள், கதை கேட்டால் மனசு இளகும், இளகினால் பத்து கிராம் பதினைந்து கிராமாகிவிடும். இருபத்திமூன்று வருடமாக இதுதான் என் முறை. இதனால் நான் யாருக்கும் பிடித்தவளாக ஆகவில்லை. அதற்காக ஏங்கியதும் இல்லை.

அப்படிப்பட்டவள் வீட்டிலேயே தில்லுமுல்லு நடந்தால் சும்மா இருப்பேனா?

குளிர்காலம் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் மூச்சு விடாமல் ஓடியது. கூடத்துச் சுவரில் ஒரு பழைய தெர்மோஸ்டாட் இருந்தது, நடுவில் திருகு வைத்தது. கூடம் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று அதில் வைத்துவிட்டால், அந்தச் சூடு வந்ததும் பாய்லர் தானாக நிற்க வேண்டும். நான் இருபது டிகிரியில் வைத்திருந்தேன். சந்தை எங்கள் தெருப் பக்கம் கூடும் நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவேன். வந்து பார்த்தால் சுவரோரம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் தொட முடியாத சூடு, கூடமோ சில்லென்று இருக்கும். சமையலறை அலமாரிக்குள் பாய்லர் குமுறிக்கொண்டிருக்கும்.

யாரோ திருகில் கை வைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பகலில் வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். பின்னறையில் உட்கார்ந்து பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பவர். அந்தப் பொய்யைத் தவிர வேறு பொய் அவர் வாயில் வராது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் மாடியில் இருக்கும் மாமா, அவருடைய அப்பா. நாற்பது வருடம் பெரிய ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் நின்றவர். எண்பத்தொரு வயதில் இன்றைக்கும் காலைப் பலகாரத்துக்கு டை கட்டிக்கொண்டுதான் இறங்கி வருவார். என்னைப் பார்த்தால் விருந்தினரைப் பார்த்தது போல ஒரு சின்னத் தலையசைப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. நெருக்கம் என்றும் எதுவும் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலையில் திருகின் குறுக்கே காகித சீல் ஒட்டி, மேலே கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

"இது வீடும்மா. மளிகைக் கடை இல்ல" என்றார் வீட்டுக்காரர்.

"அப்போ பயப்பட என்ன இருக்கு?"

அவர் பின்னறைக்குப் போய்விட்டார். புதன்கிழமை மதியம் வந்து பார்த்தேன். சீல் போட்டபடியே இருந்தது, ஓரம்கூட நெளியவில்லை. பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. சீல் உடையாமல் நடக்கும் திருட்டைப் போல என்னைத் தூங்க விடாதது வேறு எதுவும் இல்லை.

அன்றிலிருந்து வீட்டுக்குள் வந்தாலும் என் கண் கடைக்குள் நுழைந்த கண்ணாகவே இருந்தது. வாஷிங் மெஷினுக்குள் கை விட்டுப் பார்த்தேன். டிரம் ஈரம். கொல்லைப்புறக் கொடியில் படுக்கை விரிப்பு தொங்கியது. எங்கள் வீட்டில் விரிப்பு துவைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் நான்தான். அடுத்த வாரம் என் ஹேர் டிரையர் இடம் மாறியிருந்தது. அதன் வயரை நான் எட்டு மாதிரி சுற்றி வைப்பேன். அது வட்டமாகச் சுற்றப்பட்டிருந்தது. வீட்டுக்காரருக்கு முன் தலை போய்ப் பத்து வருடம் ஆகிறது. மாமாவுக்கு இருப்பது மொத்தம் முப்பது முடி. பிறகு இந்த டிரையரில் யார் தலை காய்கிறது? மாடிப்படியில் வாசனைத் திரவியம் வேறு. மாமா கைக்குட்டையில் இரண்டு சொட்டு விடுவார், அது எனக்குத் தெரியும். இது அரை பாட்டில் கவிழ்த்த வாசனை.

மாமா தினமும் பத்து மணிக்கு நடக்கப் போய்ப் பதினொன்றரைக்குத் திரும்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசல் கொக்கியில் தொங்கும் நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு போவாராம். அப்படியானால் அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் என் வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார். விரிப்பு, ஹேர் டிரையர், வாசனை. சொல்லவே கூசுகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் வாழ்ந்த மனுஷனைப் பற்றி நான் அப்படித்தான் நினைத்தேன். நினைத்த அன்று சந்தையில் ஒரு கறிக்கடைத் தராசில் கல்லை வைத்துவிட்டு எடையைப் பார்க்க மறந்து நின்றேன். கடைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் கதை வரும். எனக்குத் தேவை அளவு.

என் தம்பி வீடுகளுக்கு ஆட்டோமேஷன் போட்டுக் கொடுக்கிற தொழில் செய்கிறான். எங்கள் வீட்டில் விளக்கும் திரைச்சீலையும் ஏற்கெனவே அவன் கைவரிசைதான். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து புத்தகம் படித்தால், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கூடத்து விளக்கு அணைந்துவிடும். கையை ஆட்டி உயிரோடு இருப்பதை அதற்குத் தெரிவிக்க வேண்டும். மிச்சம் இருந்தது தெர்மோஸ்டாட் மட்டும். மூன்று வருடமாக வேண்டாம் என்று தட்டிக் கழித்தவள் நானேதான். இப்போது நானே போன் போட்டேன்.

"என்னக்கா திடீர்னு?"

"எது உண்மையைச் சொல்லுமோ அதைக் கொண்டுவா."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பெட்டிகளோடு வந்தான். முதலாவது வட்டமாக, கறுப்புக் கண்ணாடியோடு பார்க்க நகை மாதிரி இருந்தது. நம் பழக்கத்தைத் தானே கற்றுக்கொண்டு தானே சூட்டைக் கூட்டிக் குறைக்குமாம். இரண்டாவது சாதாரண வெள்ளைப் பெட்டி. காலை இத்தனை மணிக்கு இவ்வளவு, மாலை இவ்வளவு என்று நேரம் வைத்தால் போதும், வேறு எதிலும் தலையிடாது. மூன்றாவது சதுரம். அதனுடன் அறைக்கு ஒன்றாகச் சுவரில் ஒட்டும் குட்டி சென்சார்கள். அறையில் ஆள் இருக்கிறாரா, எவ்வளவு சூடு, எல்லாவற்றையும் எழுதி வைக்கும். சூடு சட்டென்று சரிந்தால் ஜன்னல் திறந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு போனுக்குச் செய்தி அனுப்பும்.

நான் அலுவலகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருந்த பாதரச வெப்பமானியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். முத்திரை போட்டது, கால் டிகிரிகூடப் பிசகாது. மூன்றையும் அதன் பக்கத்தில் வரிசையாக வைத்து, மேலே ஒரு கனமான துணியைப் போர்த்தினேன். யாரும் மூச்சு விட்டு அளவைக் கெடுக்கக் கூடாது என்று எல்லாரையும் தள்ளி உட்காரச் சொன்னேன்.

"அக்கா, இது தெர்மோஸ்டாட். கள்ளத் தராசு இல்ல."

"அதை அளந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அரை மணி கழித்துத் துணியை எடுத்தேன். வட்டம் ஒன்றரை டிகிரி கூடச் சொன்னது. அது வெளியே. தானாக முடிவெடுப்பதோடு தப்பாகவும் முடிவெடுக்கிற ஆட்களை அலுவலகத்தில் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. வெள்ளைப் பெட்டி சரி. சதுரமும் சரி.

"வெள்ளையே போதும்" என்றார் வீட்டுக்காரர், கேட்பதற்கு முன்பே.

என் காது நிமிர்ந்தது. இந்த மனுஷன் செருப்பு வாங்கக்கூட மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்.

"ஏன்?"

"சிம்பிளா இருக்கு. எதுக்கு வீடு முழுக்க சென்சார்? நம்மள நாமே வேவு பாக்கணுமா?"

"நமக்குள்ள வேவு பாக்க என்ன இருக்கு?"

அவர் துணியை மடித்தார். ஏற்கெனவே மடித்திருந்த துணியைத்தான் திரும்ப மடித்தார். "சரி, கூடத்துக்கு வெச்சுக்கலாம். மாடிக்கு மட்டும் வேணாம். அப்பாவுக்குப் பிடிக்காது."

மாமா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் அவர் எதிரே நான் வைத்த தண்ணீர் டம்ளர் அப்படியே இருந்தது. அதையும் நான் சில வாரங்களாகக் கவனித்து வந்தேன். ஐந்து மணிக்கு மேல் மனுஷன் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. ஊற்றிய மட்டம் ஊற்றியபடியே இருக்கும். என் கையால் வைப்பதைக் குடிக்கக் கூடாது என்று வைராக்கியமோ என்னவோ என்று நினைத்துக்கொள்வேன்.

"அது ஜன்னலையும் பாக்குமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"திறந்து ரெண்டு நிமிஷத்துல சொல்லிடும், மாமா."

"அப்படியா" என்று சொல்லி டையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரே கடையில் வேலை செய்கிற இரண்டு பேர் நான் உள்ளே நுழைந்ததும் இப்படித்தான் ஆளுக்கொரு திசையில் பார்ப்பார்கள். நான் சதுரத்தின் மேல் விரலை வைத்தேன். "இதுதான். எல்லா அறைக்கும்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தம்பி சென்சாரெல்லாம் ஒட்டி முடித்து, என் சீலை உரித்துப் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றினான். கிளம்புகிற நேரத்தில் வீட்டுக்காரர் அவனை மாடிப்படிப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார். நான் சமையலறைக் குழாயை மூடிவிட்டு நின்றேன். முழுதாகக் கேட்கவில்லை. "மாடி... அந்த ஜன்னல் செய்தி... அக்காவுக்குப் போக வேணாம்" என்பது மட்டும் கேட்டது. "அணைச்சுட்டேன் அத்தான், இதுல என்ன இருக்கு" என்று தம்பி சிரித்தான்.

மறைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், என் கூடப் பிறந்தவனையே எனக்கு எதிராகத் திருப்புகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. மறுநாள் காலை பேருந்தில் போகும்போது போனில் தெர்மோஸ்டாட் ஆப்பைத் திறந்து, அணைத்து வைத்த அந்தச் செய்தியை நானே போட்டுவிட்டேன். ஒரே ஒரு தட்டு.

திங்கட்கிழமை பத்து இருபதுக்கு வந்தது. பருப்புக் கடையில் நின்றிருந்தேன். 'மாடி அறை: ஜன்னல் திறந்திருக்கிறது.' செவ்வாய் வரவில்லை. புதன்கிழமை பத்து பதினெட்டு. வெளியே பனி மூட்டம், அறைச் சூடு பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கியிருந்தது. சென்சார் இன்னொன்றும் சொன்னது: அறையில் ஆள் இருக்கிறார். மாமா நடக்கப் போயிருக்கும் நேரத்தில், மாமாவின் அறையில்.

வியாழனும் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை பத்து பதினைந்துக்கு மறுபடி போன் அதிர்ந்ததும் எடைப் பெட்டியை மூடினேன். எதிரே காய்கறிக் கடைக்காரர் தராசைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

"பாக்கலையா மேடம்?"

"உங்களுக்கு இன்னிக்கு நல்ல நேரம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பன்னிரண்டு நிமிட நடை. வழியெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். எங்கே தங்குவது, யாரிடம் முதலில் சொல்வது என்றுகூட யோசித்தாயிற்று. தம்பி வீட்டில் மட்டும் இல்லை என்று முடிவு செய்தேன், அவனும் கூட்டாளி.

சத்தம் வராமல் சாவியைத் திருப்பினேன். கொக்கியில் மாமாவின் கோட் இல்லை. பின்னறையில் பல்லைத் தேய்க்கும் மோட்டார் சத்தம் இல்லை. வீட்டுக்காரர் வேலை செய்யும் நேரத்தில் அந்த மோட்டார் நின்று நான் பார்த்ததில்லை. மாடியிலிருந்து ஹேர் டிரையர் ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

செருப்பைக் கழற்றினேன். நான்காம் படி முனகும், அதைத் தாண்டி ஐந்தாம் படியில் கால் வைத்தேன். கதவு இடுக்கு வழியாகக் குளிர் படிப்படியாக இறங்கி என் கணுக்காலில் பட்டது. கூடம் ஏன் சூடாகவில்லை, திருகைத் தொடாமலேயே பாய்லர் ஏன் ஓடியது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. கடைசிப் படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனை எடுத்தேன். கையும் களவுமாகப் பிடிப்பது என்று ஆன பிறகு என் முறை எனக்குத் தானாக வரும். கதவைத் தள்ளினேன். முதலில் போட்டோ. போன் 'க்ளிக்' என்றது.

மாமா நின்றிருந்தார்.

நீளக் கோட், கழுத்தில் மஃப்ளர், அதற்கு உள்ளே ஒழுங்காகக் கட்டிய டை. கட்டிலில் விரிப்பு இல்லை. மெத்தையை நிமிர்த்தி ரேடியேட்டரின் மேல் சாய்த்து வைத்திருந்தார். ரேடியேட்டரின் திருகு கடைசி வரை திறந்திருந்தது. அவர் பின்னால் ஜன்னல் இரண்டு கதவும் அகலத் திறந்து கிடந்தது. மெத்தையின் நடுவில் ஒரு பெரிய ஈரத் திட்டு. அதில் டிரையரை ஒரு கையால் காட்டிக்கொண்டு, மறு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாளியில் நான்காக மடித்த விரிப்பு. துவைக்கப் போடுகிற விரிப்பைக்கூட ஓரம் பிசகாமல் மடித்திருந்தார். வாசனைத் திரவியத்துக்கு அடியிலிருந்து அந்த இன்னொரு வாசனை வந்தது.

அவர் டிரையரை அணைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த போனைத்தான் பார்த்தார். பிறகு நாற்பது வருடம் வரவேற்பு மேஜையில் நின்ற அந்தப் புன்னகையைக் கொண்டுவர முயன்றார். பாதிதான் வந்தது.

"அறையைக் காலி பண்ணிடுறேன்மா" என்றார். "பெட்டியெல்லாம் தயாரா இருக்கு. சாவி மேஜை மேல இருக்கு."

கதவுக்குப் பின்னால் பார்த்தேன். பட்டை கட்டிய பெட்டி ஒன்று நின்றது. அதன் மேல் தூசி. இன்றைக்கு நேற்றுக் கட்டிய பெட்டி இல்லை அது.

நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது என் குரல்தான்.

"ஈரத்துல நின்னுக்கிட்டு கரண்ட் சாமானைப் பிடிச்சிருக்கீங்களே, அறிவு இருக்கா? ஏதாவது ஆச்சுன்னா யார் பாக்கறது?"

அவர் அரை அடி பின்வாங்கினார். நான் பெட்டியைத் திறக்கும்போது சந்தையில் கடைக்காரர்கள் பின்வாங்குவார்களே, அதே அரை அடி. அவர்கள் பின்வாங்கினால் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வரும். இப்போது போனைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

போய் ஜன்னலைச் சாத்தினேன். டிரையரை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினேன். விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. "உக்காருங்க மாமா" என்றேன். உட்காரவில்லை. என்னுடைய அனுமதியில் நிற்பவர் போல நின்றுகொண்டே இருந்தார். இரண்டு நிமிடம் கழித்து என் போன் அதிர்ந்தது. 'மாடி அறை: ஜன்னல் மூடப்பட்டது.'

கீழே வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. படியில் இறங்கினேன். வீட்டுக்காரர் மருந்துக் கடைப் பை ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். பைக்குள்ளிருந்து பெரியவர்களுக்கான டயப்பர் கட்டின் மூலை எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்ததும் முனகுகிற அந்த நான்காம் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"எட்டு மாசம். டாக்டர்கிட்ட காட்டிட்டோம். வயசானா வர்றதுதான், தினமும் ஆகாதுன்னார். அப்பா நான் துவைச்சாகூட ஒத்துக்க மாட்டேங்கறார். நடக்கப் போறேன்னு உனக்குச் சொல்லிட்டு உள்ளே உக்காந்து காயவெக்கிறார்."

"நான் வேற மாதிரி நினைச்சேன்."

"என்ன மாதிரி?"

"யாரோ வீட்டுக்கு வந்து போறாங்கன்னு. பொம்பள."

அவர் பையைப் பார்த்தார். தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "என்னைத் தேடியா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எனக்கும் வந்தது. படியில் நின்றபடி இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், மாடியில் மாமாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"உன்கிட்டயா?"

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. நான் கேட்டது அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "போன வருஷம் உங்க மேலதிகாரி அவங்கப்பாவை முதியோர் இல்லத்துல சேர்த்தாரே, ஞாபகம் இருக்கா? சாப்பிடும்போது சொன்னியே. படுக்கையை நனைக்க ஆரம்பிச்சா வீட்ல வெச்சுக்கறது ரெண்டு பக்கமும் கொடுமை, சேர்த்ததுதான் சரின்னு. அப்பாவும் அங்கதான் உக்காந்திருந்தார். அப்போ அவருக்கு ஒண்ணும் இல்ல. ஆரம்பிச்ச அன்னிக்கே என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவளுக்குத் தெரிய வேணாம்னார்."

நான் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. இப்போது அவர் சொல்லக் கேட்கும்போது என் குரல் அப்படியே காதில் விழுந்தது. சொல்லியிருப்பேன். அடித்துத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த மதியம் நான் சந்தைக்குத் திரும்பவில்லை. நனையாத உறை ஒன்றும் புது மெத்தை ஒன்றும் வாங்கி வந்தோம். பழையதை நானும் வீட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மாமா கதவோரம் நின்று, சாமான் தூக்குகிறவர்களுக்கு வழி விடுகிற பணிவோடு விலகிக்கொண்டார். புது விரிப்பை நான் போட்டதும் வந்து ஒரு மூலையை மட்டும் பிரித்துச் சரியாக மடித்துச் செருகினார். நான் செருகியது தப்பாம். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாடி அறையை இருபத்திநாலில் வைத்தேன். ஜன்னல் செய்தியிலிருந்து என் எண்ணை எடுத்தேன். அந்தப் போட்டோவை அழிக்கும் முன் ஒரு முறை பார்த்தேன். இருபத்திமூன்று வருடத்தில் நான் எடுத்த போட்டோக்களிலேயே மிகத் தெளிவானது அது. பயந்து போன ஒரு முகம், டையோடு. அழித்துவிட்டேன். ஆனால் அந்த 'க்ளிக்' அவர் காதில் இருக்கிறது, அதை நான் எங்கே போய் அழிப்பது? "நீங்க இங்கதான் இருப்பீங்க மாமா, எங்கேயும் அனுப்ப மாட்டோம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்று தடவையும் "ரொம்ப நன்றிம்மா" என்றார். பெட்டி கதவுக்குப் பின்னாலேயே நின்றது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எப்போதும் போல டையோடு இறங்கி வந்தார். அவர் எதிரே தண்ணீர் வைத்தேன். இப்போதுதான் எனக்கு அந்த டம்ளரின் கதை தெரியும். நனைத்துவிடக் கூடாது என்று எட்டு மாதமாகத் தாகத்தோடு படுத்திருக்கிறார் மனுஷன். அன்றைக்கும் குடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் போயிற்று. சாப்பிட்டு முடித்துத் தட்டு எடுக்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த மட்டத்துக்குத்தான் போகும். ஊற்றிய கோட்டிலேயே நிற்கும்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, சாப்பாட்டின் நடுவில் அவர் கை டம்ளரை நோக்கிப் போனது. தூக்கினார். என்னை ஒரு தரம் பார்த்தார். நான் சட்டென்று எழுந்து அடுப்புப் பக்கம் போய், இல்லாத பாத்திரம் ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். டம்ளர் மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்கும் வரை திரும்பவில்லை. தட்டை எடுக்கும்போது டம்ளரை வீட்டுக்காரரை எடுக்கச் சொன்னேன். எவ்வளவு குடித்தார் என்று நான் பார்க்கவில்லை.